யாரும் கூட்டிப் பார்க்காத ஒரு மணி நேரம்

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் படிக்கும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வீட்டுப்பாடம் கூடாது என்கிறது, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை. இது புதிய யோசனை அல்ல. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்திலேயே இதே அளவு எழுதப்பட்டிருந்தது. அதற்கும் முன்னால், 1993இல், பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு ‘சுமையற்ற கற்றல்’ என்ற அறிக்கையைக் கொடுத்தது. அதற்கும் முன்னால், 1989இல், மாநிலங்களவையில் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் பேசிய பேச்சு பள்ளிப் பிள்ளைகளின் முதுகுச் சுமையைப் பற்றியதுதான். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றமும் தலையிட்டது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றது. பையின் எடைக்கும் வரம்பு கேட்டது. பையைத் தராசில் வைத்து நிறுத்துவிடலாம் என்பதால் எடையைப் பற்றியாவது அவ்வப்போது பேச்சு எழுகிறது. நேரத்தை நிறுப்பவர் யார்? ஏழாம் வகுப்புப் பிள்ளை இரவு ஒன்பதரை மணிக்குச் சமூக அறிவியல் நெடுவினாவுக்கான விடையை நோட்டில் இறக்கிக்கொண்டிருந்தால், அந்தப் பள்ளி எந்த விதியையும் மீறியதாக யாரும் சொல்வதில்லை. ஏனெனில் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பொறுப்பாளர் என்று பள்ளிக்குள் ஒருவர்கூட இல்லை.

நடுநிலை வகுப்புகளின் அமைப்பே இதற்குக் காரணம். ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலான பள்ளிகளில் ஒரே ஆசிரியர் எல்லாப் பாடங்களையும் எடுக்கிறார். தமிழில் நிறைய எழுதச் சொல்லிவிட்டால் கணக்கில் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருக்கே தெரியும். ஆறாம் வகுப்பில் அந்த ஒருவர் ஐவராகிறார்: தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். ஒவ்வொருவரும் இருபது நிமிட வேலைதான் தருகிறார். தம்மளவில் அது நியாயமானதே. ஐந்து இருபது நூறு. தனியார் பள்ளியானால் கணினிப் பாடம், இந்தி, பொது அறிவு என்று இன்னும் இரண்டு மூன்று சேரும். மறுநாள் சிறுதேர்வு இருந்தால் அதற்குப் படிப்பது தனிக்கணக்கு. ஆசிரியர் ஓய்வறையில் ஐவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிறார்கள். ‘இன்று ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?’ என்று ஒருவரை ஒருவர் கேட்கும் வழக்கம் மட்டும் இல்லை. கூட்டல் நடப்பது ஒரே ஓர் இடத்தில்தான்: பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வீட்டில், சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இடையில்.

இதற்கு வீட்டுப்பாடத்தையே ஒழித்துவிடலாம் என்ற குரலும் கேட்கிறது. அதை நாம் ஏற்கவில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரிஸ் கூப்பர் பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் தம் குழுவினருடன் வெளியிட்ட கட்டுரை, ஏழாம் வகுப்பு முதல் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் தெளிவான தொடர்பு இருப்பதையும், கீழ் வகுப்புகளில் அந்தத் தொடர்பு மெலிந்து போவதையும் காட்டியது. ஸ்பெயினின் ஆஸ்துரியாஸ் பகுதியில் ஏறத்தாழ 14 வயதுள்ள 7,700க்கும் மேற்பட்ட மாணவர்களின் கணக்கு, அறிவியல் தேர்ச்சியை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ஆய்வு இன்னும் நெருக்கமாகப் பேசுகிறது. நாளுக்கு ஒரு மணி நேரம் போதுமானது. அதற்கு மேல் கிடைக்கும் பயன், செலவிடும் நேரத்துக்கு ஈடாவதில்லை. வேலையின் அளவைவிட அது தவறாமல் தரப்படுவதே முக்கியம். பிறர் துணையின்றித் தாமே செய்தவர்கள் கூடுதலாகப் பெற்றார்கள். துணை தேடுபவர் முன்பே பின்தங்கியவராக இருந்திருக்கலாமே என்ற ஐயம் நியாயமானதுதான். ஆனாலும் மற்றொரு சோதனை இதே பக்கம் கை காட்டுகிறது. ஒரு பகுதியை இரண்டாம் முறை படித்தவர்களையும், படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் ஒப்பிட்டார்கள். ஒரு வாரம் கழித்து முதல் கூட்டத்தாருக்கு 42 விழுக்காடு நினைவிருந்தது. இரண்டாம் கூட்டத்தாருக்கு 56 விழுக்காடு. அவர்கள் சோதித்தது கல்லூரி மாணவர்களைத்தான்; என்றாலும் பார்க்காமல் ஒருமுறை எழுதிப் பார் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. இப்போது நம் பிள்ளைகள் வீட்டில் செய்வது இதற்கு நேரெதிரானது: கைடைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்து எழுதுவது. அது கைக்குப் பயிற்சி. தவறு செய்தவனைப் பத்துத் தடவை எழுதச் சொல்லும் இம்போஷிஷன், கைக்குத் தண்டனை. இரண்டிலும் தலைக்கு வேலை இல்லை.

பார்த்து எழுதும் வேலையே ஏன் திரும்பத் திரும்பத் தரப்படுகிறது என்றால், அதைத் திருத்துவது எளிது. இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் இந்த வகுப்புகளுக்கு 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவைத் தருகிறது. நான்கு பிரிவுகளுக்குக் கணக்கு எடுக்கும் ஓர் ஆசிரியரிடம் ஒரு நாளில் 140 நோட்டுகள் வந்து சேரும். ஒரு நோட்டுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் நான்கு மணி நாற்பது நிமிடம். எந்த மனிதராலும் இதைச் செய்ய முடியாது. எனவே சிவப்பு மையில் ஒரு டிக், ஒரு சுருக்கொப்பம், தேதி. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் மேலெண்களைத் தனியாக, கீழெண்களைத் தனியாகக் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஆறாம் வகுப்பிலும் உண்டு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு கிடைப்பது அரையைவிடக் குறைந்துவிடுமா என்று ஒருவர் கேட்டால் போதும், தானே சிரித்துத் திருத்திக்கொள்ளும். யாரும் கேட்காமல் அதே வகைக் கணக்கைப் பத்து முறை வீட்டில் போட்டால் பத்து முறையும் தவறே பழகும். டிக் விழுந்த பிறகு அது சரியென்றே பதியும். அதனால்தான் சொல்கிறோம்: மறுநாள் வகுப்பில் எடுத்துப் பேச முடியாத வீட்டுப்பாடத்தை எந்த ஆசிரியரும் கொடுக்கக் கூடாது. மூன்று கணக்கு போதும். மறுநாள் பாடவேளையின் முதல் பத்து நிமிடம் அந்த மூன்றுக்கும். ஒரு பிள்ளை கரும்பலகையில் போடட்டும், மற்றவர்கள் நோட்டை மாற்றிக்கொண்டு பார்க்கட்டும். ஆசிரியர் தம் கையால் திருத்துவது ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு ஏழு நோட்டு. ஐந்து நாளில் 35 பேருடையதும் முடிந்துவிடும். நான்கு பிரிவுக்கு 28 நோட்டு, ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஆயத்த நேரத்தையும் உள்ளடக்கி ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று அதே சட்டம் வகுத்திருக்கிறது. அதற்குள் இது அடங்கும்.

முதல் பத்து நிமிடத்தை நேற்றைய பாடத்துக்குக் கொடுத்தால் போர்ஷன் எப்படி முடியும் என்பது ஆசிரியர் தரப்பின் கேள்வி. தட்டிக்கழிக்க முடியாத கேள்வி. ஆண்டுக்கு 220 வேலை நாள், ஆயிரம் மணி நேரக் கற்பித்தல் என்று சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. அந்த ஆயிரத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை எமிஸ் எனும் இணையதளப் பதிவுகளுக்கும் படிவங்களுக்கும் நடுவே நிற்கும் அரசுப் பள்ளி ஆசிரியரைக் கேட்டால் தெரியும். அந்தச் சுமையைக் குறைப்பது அரசின் வேலை. அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் முடிந்துவிட்டதாகக் குறிப்பேட்டில் எழுதப்படும் பாடம் பிள்ளையிடமும் முடிந்துவிட்டதா? பின்னக் கூட்டல் புரியாத வகுப்பில் இயற்கணிதத்தைத் தொடங்கும் ஆசிரியர் அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரிடம் கடனாக வாங்குகிறார்.

பெற்றோரின் மறுப்பு வேறு வகை. நோட்டு நிறையாவிட்டால் பள்ளியில் ஒன்றும் நடத்தவில்லை என்று எண்ணுவோர் பலர். பணம் கட்டிப் படிக்க வைக்கும் இடத்தில் இந்த எண்ணம் இன்னும் கூர்மையானது. தனியார் பள்ளிகள் இதை நன்றாக அறிந்திருக்கின்றன. மாலையில் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் நீண்ட பட்டியல் பாதி பிள்ளைக்கு, பாதி பெற்றோருக்கான விளம்பரம். இதன் விலையைக் கொடுப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். நாடு முழுவதும் கிராமப்புறத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளில் கட்டணத் தனிப்பயிற்சிக்குப் போவோர் 2018இல் 26.4 விழுக்காடு, 2022இல் 30.5 விழுக்காடு என்று கிராமப்புறக் கல்வி நிலையை அளக்கும் ஏசர் ஆய்வு சொல்கிறது. தெரு முனை டியூஷனில் நடப்பதில் பெரும்பகுதி பள்ளியின் வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுப்பதுதான். டியூஷனுக்கு வழியில்லாத வீட்டில், நூற்பாலையில் ஷிப்ட் முடிந்து வரும் தாயிடம் எட்டாம் வகுப்பு அறிவியலைச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறோம். செயல்திட்டங்களின் கதை இன்னும் வேடிக்கை. செய்து கற்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு 2012இல் தமிழ்நாட்டில் முப்பருவ முறை வந்தது; சில ஆண்டுகளில் தெர்மாகோல் வீடும் ஒட்டுப் படத் தாளும் ஸ்டேஷனரி கடைகளின் சரக்காகிவிட்டன. சீனா 2021இல் கொண்டுவந்த ‘இரட்டைக் குறைப்பு’க் கொள்கையில் பல கடுமைகள் உண்டு, எல்லாம் நமக்கு ஆகாது. ஆனால் வீட்டுப்பாடத்தைப் பெற்றோர் திருத்தித் தர வேண்டும் என்று பள்ளி கேட்கக் கூடாது என்று அதில் ஒரு விதி இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பின்தங்கிய பிள்ளைக்குத்தானே கூடுதல் பயிற்சி வேண்டும், குறைக்கச் சொல்கிறீர்களே என்ற கேள்வியும் உண்டு. மறுப்புகளில் கனமானது இதுதான். பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்ததற்குப் பின் 2022இல் எடுத்த ஏசர் கணக்கில், தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர்தான். அவர்கள் 2025இல் எட்டாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தார்கள். நடுவில் பலர் தேறியிருப்பார்கள், எல்லாரும் அல்ல. வாசிக்கத் திணறும் பிள்ளைக்கும் சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கும் ஒரே நெடுவினாவைக் கொடுத்தால் முதல் பிள்ளை செய்யக்கூடியது ஒன்றே: பக்கத்து நோட்டைப் பார்த்து வரைவது. அதற்குக் கூடுதல் பயிற்சி தேவைதான், ஆனால் வேறு பயிற்சி. ஐந்து வரியை உரக்க வாசித்து வருவது, பத்துச் சொல்லைப் பார்க்காமல் எழுதி வருவது. தமிழ்நாட்டு அரசு 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் இந்த இடத்தைச் சரியாகவே பிடித்தது. மாலையில் பிள்ளைக்கு வேண்டியது இன்னொரு நோட்டு அல்ல, உட்கார ஓர் இடமும் கேட்க ஒரு காதும் என்று அது புரிந்துகொண்டது. 2025இல் வந்த ‘திறன்’ திட்டம் பின்தங்கியவர்களை வகுப்புக்குள்ளேயே இனங்கண்டு தனியாகக் கற்பிக்க முனைகிறது. பகலில் திறன் வகுப்பில் சொல் சேர்த்து வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு மாலையில் பழைய நெடுவினாவையே கொடுத்து அனுப்பினால், ஒரு கை கட்டியதை மறு கை இடிக்கிறது.

ஆக, வேண்டியது இன்னொரு சுற்றறிக்கை அல்ல. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு பெயர். நடுநிலை வகுப்பு ஒவ்வொன்றின் வகுப்பாசிரியரையும் பள்ளிக் கல்வித் துறை அதற்குப் பொறுப்பாக்கட்டும். கரும்பலகையின் ஓரத்தில் ஐந்து பாடத்தின் பெயரும் இருக்கும். வேலை தரும் ஆசிரியர் தம் பாடத்துக்கு நேரே நிமிடத்தை எழுதிவிட்டுப் போவார். அறுபது நிறைந்த பின் வருபவர் நாளைக்குத் தள்ளிவைப்பார். கடைசிப் பாடவேளை ஆசிரியருக்கு எப்போதும் இடமில்லாமல் போகுமே என்றால், பாடங்களுக்கு நாள் பிரித்துக்கொள்ளலாம். பார்வைக்கு வரும் கல்வி அலுவலர் நோட்டு நிறைந்திருக்கிறதா என்று புரட்டுவதை விட்டு, நேற்றைய வேலை இன்று எடுத்துப் பேசப்பட்டதா என்று ஒரு பிள்ளையைக் கேட்கட்டும். தனியார் பள்ளிகளையும் இதற்குள் கொண்டுவர வேண்டும். அங்கேதான் முணுமுணுப்பு அதிகம் எழும். அவற்றின் மாணவர் நாட்குறிப்பேட்டில் தாமத வருகைக்கும் கட்டண பாக்கிக்கும் பெற்றோர் கையெழுத்துக்கும் கட்டங்கள் அச்சிட்டிருக்கிறார்கள். அடுத்த கல்வியாண்டுக்கு அச்சடிக்கும்போது ‘இன்றைய வீட்டுப்பாடம்: மொத்தம் எத்தனை நிமிடம்’ என்று ஒரு கட்டத்தைச் சேர்ப்பதற்குக் கூடுதல் செலவு ஏதும் ஆகாது. அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டியவர் வகுப்பாசிரியர், பெற்றோர் அல்ல.