இன்டர்ன்ஷிப்: உழைப்பு நம்முடையது, பெயர் யாருடையது?

கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் முன்பெல்லாம் எங்களிடம் கேட்கிற முதல் கேள்வி, "ஸ்காலர்ஷிப் பணம் எப்போ வரும்?" என்பதுதான். இப்போது மூன்றாம் ஆண்டுக்கு வந்ததும் வேறொன்று கேட்கிறார்கள். "அக்கா, கம்பெனியில யாரையாவது தெரியுமா? இன்டர்ன்ஷிப் சர்ட்டிபிகேட் கொடுத்தாதான் மார்க் போடுவாங்களாம்."

இந்தக் கேள்விக்குள் ஒரு அரசியல் இருக்கிறது தோழர்களே. அரசுக் கல்லூரியில் இடம் வாங்க நமக்கு யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் போதும். அதே கல்லூரி, படிப்பு முடிகிற நேரத்தில் நம்மைத் தனியார் நிறுவனத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, "யாரையாவது பிடித்து உள்ளே போ" என்கிறது. இடஒதுக்கீடு முடிகிற இடத்தில் சிபாரிசு தொடங்குகிறது.

அப்படி உள்ளே போன ஒரு மாணவரின் அனுபவத்தை, அவரோடு உட்கார்ந்து வாரம் வாரமாக எழுதிப் பார்த்தோம். அவருடைய ஒப்புதலோடுதான் இங்கே பேசுகிறோம். பெயரும் ஊரும் நிறுவனமும் வேண்டாம். வட மாவட்டம் ஒன்றின் காலனியிலிருந்து வந்தவர். அரசு கலைக் கல்லூரியில் பி.சி.ஏ. குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர். அம்மா நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறார். சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு நிறுவனத்தின் ஐ.டி. சப்போர்ட் பிரிவில் மூன்று மாத இன்டர்ன்ஷிப் கிடைத்தது. சம்பளம் இல்லை. உதவித்தொகையும் இல்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆறு பேர் தங்கும் ஹாஸ்டல் அறையில் ஒரு கட்டில், இரண்டு வேளை சாப்பாட்டோடு மாதம் 5,500 ரூபாய். மதியச் சாப்பாடு, பஸ், டீ, போன் ரீசார்ஜ் எல்லாம் சேர்த்து 2,500. மாதத்துக்கு 8,000, மூன்று மாதத்துக்கு 24,000. நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். அதாவது, மகன் சம்பளமில்லாமல் வேலை பார்க்க, தாயின் 71 நாள் கூலி போயிருக்கிறது. அதுவும் கையில் இருந்த பணமில்லை, மகளிர் குழுவில் வாங்கிய கடன். சென்னையில் சொந்த வீடு இருக்கிற பிள்ளைக்கு இதே இன்டர்ன்ஷிப்பின் செலவு ஒரு பஸ் பாஸ். இருவரும் ஒரே சர்ட்டிபிகேட் வாங்குகிறார்கள். அதைத்தான் 'சம வாய்ப்பு' என்கிறார்கள்.

இனி வேலையைப் பார்ப்போம். அந்தப் பிரிவில் நான்கு இன்டர்ன்கள். இருவர் அங்கே வேலை பார்ப்பவர்களின் உறவினர்கள். முதல் வாரமே அவர்களை சர்வர், நெட்வொர்க் குழுவோடு உட்கார வைத்துவிட்டார்கள். நம் மாணவரையும், இன்னொரு அரசுக் கல்லூரியிலிருந்து வந்த மாணவியையும் 'ஃப்ளோர் சப்போர்ட்' என்று அனுப்பினார்கள். ஸ்டோர் ரூமிலிருந்து மானிட்டர் தூக்கி வருவது, மேசைக்கு அடியில் புகுந்து கேபிள் மாட்டுவது, ஒவ்வொரு லேப்டாப்பிலும் ஸ்டிக்கர் ஒட்டி அதன் எண்ணை எக்செல்லில் ஏற்றுவது. அந்த இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இவர் மூன்று மாதமும் 'தம்பி'தான்.

இந்த வேலைகள் தாழ்ந்தவை என்று நாம் சொல்லவில்லை. கேபிளின் முனையை கிரிம்ப் செய்யத் தெரியாதவருக்கு நெட்வொர்க் முழுதாகத் தெரியாது. நான்கு பேருக்கும் மாறி மாறி வந்தால் அது பயிற்சி. தூக்குவது சிலருக்கு, திரை முன்னால் உட்காருவது சிலருக்கு என்று முதல் வாரமே பிரித்துவிட்டால் அதற்கு நம் ஊரில் பழைய பெயர் ஒன்று உண்டு.

இதைவிட முக்கியமான விஷயம் டிக்கெட். ஒரு ஊழியருக்கு பாஸ்வேர்ட் மறந்துவிட்டது, வி.பி.என். இணையவில்லை, பிரின்டர் வேலை செய்யவில்லை என்றால் அது ஒரு டிக்கெட்டாகப் பதிவாகும். யார் எடுத்தார், எவ்வளவு நேரத்தில் முடித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். சப்போர்ட் வேலையில் ஒருவரின் திறமைக்குச் சாட்சி அந்தப் பதிவுதான். எல்-1 நிலையில் இருப்பவர் எல்-2 போவதற்கும் அந்த எண்ணிக்கை கைகொடுக்கும்.

நம் மாணவருக்குத் தனி லாகின் கொடுக்கவில்லை. சீனியர் ஒருவர் தன் லாகினைத் திறந்து கொடுத்துவிட்டு, "பார்த்துக்கோ தம்பி" என்று போய்விடுவார். இரண்டாம் மாதத்தில் இவர் நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு டிக்கெட்டுகளை முடித்துக்கொண்டிருந்தார். அத்தனையும் சீனியரின் பெயரில் ஏறின. ஒருவருடைய லாகினில் இன்னொருவர் வேலை செய்வது தகவல் பாதுகாப்பின் அடிப்படைக்கே எதிரானது. ஏதாவது தவறு நடந்திருந்தால் மட்டும் விரல் யாரை நோக்கி நீண்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் கிடைத்த சர்ட்டிபிகேட்டில் இருந்தது ஒரே வரி: வெற்றிகரமாக முடித்தார். எதை முடித்தார் என்று அதில் இல்லை.

சாதி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். மூன்றாவது வாரம், கேன்டீனில் வந்தது. "எந்த ஊரு தம்பி?" ஊரைச் சொன்னார். "எங்க மாமா ஊரு பக்கத்துலதான். ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" இவர் மறைக்காமல் "காலனி" என்றார். யாரும் திட்டவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. ஆனால், யூசர் கணக்குகளைக் கையாளும் ஆக்டிவ் டைரக்டரியை மதிய நேரத்தில் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தவருக்கு மறுநாளிலிருந்து நேரமே கிடைக்கவில்லை. இதை எந்தப் புகாரில் எழுதுவது?

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதில்லை என்று நாம் பெருமைப்படுகிறோம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலிருந்து வருகிற பெருமை அது, நியாயமானதும்கூட. ஆனால் பெயரில் கிடைக்காததைத் தெருவில் தேடுகிறார்கள். குலதெய்வத்தில் தேடுகிறார்கள், "அப்பா என்ன பண்றார்?" என்பதில் தேடுகிறார்கள். 2007-இல் சுக்தேவ் தோரட், பால் அட்டெவெல் இருவரும் வெளியிட்ட ஆய்வை சமூகவியல் மாணவர்கள் படித்திருப்பீர்கள். தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை உயர்சாதிப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் மனிதவள மேலாளர்களைச் சந்தித்துப் பேசினார்கள். தகுதி ஒன்றையே பார்க்கிறோம் என்று சொன்ன அதே மேலாளர்கள், 'குடும்பப் பின்னணி' கேட்பதையும் ஒப்புக்கொண்டார்கள். கேன்டீன் கேள்வியும் இந்தக் குடும்பப் பின்னணிக் கேள்வியும் வேறு வேறல்ல.

சட்டம் என்ன சொல்கிறது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்துவது குற்றம், ஆனால் அது பொதுப்பார்வையில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாத இடத்தில் நடந்தது அதில் வராது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கற்றுக்கொடுப்பதை நிறுத்துவது எந்தப் பிரிவிலும் வராது. ஒப்பிட்டுப் பாருங்கள்: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் 'ஊழியர்' என்பதற்குள் பயிற்சியாளரையும் சேர்த்து எழுதியிருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் அதற்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும். சாதிப் பாகுபாட்டை விசாரிக்கத் தனியார் நிறுவனத்தில் அப்படிக் கட்டாயமான குழு எதுவும் இல்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. நம்மில் பலர் கவனிக்காதது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், அதாவது அப்ரன்டிஸ் சட்டம். 1973 திருத்தத்தில் அதில் 3ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அறிவிக்கப்பட்ட தொழில்களில் பயிற்சி இடங்களைப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முதலாளி ஒதுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. முதலாளி என்பதில் தனியாரும் அடக்கம். தனியார் துறையில் இடஒதுக்கீடே கிடையாது என்று பேசிக்கொண்டிருக்கிறோமே, பயிற்சி நிலையில் அது சட்டமாகவே இருக்கிறது! உதவித்தொகையும் கட்டாயம். பட்டதாரிக்கு மாதம் 9,000, டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2019 விதித் திருத்தம் வைத்தது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும் என்றும் அதே திருத்தம் சொன்னது.

ஆனால் அதே வேலையை 'இன்டர்ன்ஷிப்' என்று அழைத்துவிட்டால் ஒப்பந்தப் பதிவு இல்லை, ஒதுக்கீடு இல்லை, உதவித்தொகை இல்லை. பெயர் மாறியதும் சட்டம் விலகிக்கொள்கிறது.

அண்ணல் அம்பேத்கர் இதை அன்றே பார்த்திருந்தார். 1942-இல் வைஸ்ராய்க்குக் கொடுத்த கோரிக்கை மனுவில் அவர் உயர்கல்விக்கு உதவித்தொகை கேட்டதோடு நிறுத்தவில்லை. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் இளைஞர்களைப் பயிற்சியாளர்களாகச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டார். படிப்பு ஒரு கதவு, தொழிலைக் கையில் பழகும் இடம் இன்னொரு கதவு, இரண்டும் திறக்க வேண்டும் என்ற தெளிவு அது. அன்றைய ரயில்வே பட்டறையின் இடத்தில் இன்று சர்வர் அறை இருக்கிறது.

"கத்துக்க வந்தவனுக்கு எதுக்குச் சம்பளம்?" என்று கேட்பவர்கள் உண்டு. கற்றுக்கொடுத்திருந்தால் அந்த வாதத்தைப் பேசிப் பார்க்கலாம். நாளைக்குப் பத்து டிக்கெட் முடித்தவர் அங்கே ஒரு ஊழியரின் வேலையைச் செய்திருக்கிறார். "எல்லாருக்கும்தான் சம்பளம் இல்லை, இதில் சாதி எங்கே?" என்றும் கேட்பார்கள். எல்லோருக்கும் இல்லைதான். ஆனால் மூன்று மாதம் கூலியில்லாமல் தாக்குப்பிடிக்கச் சேமிப்பும், சென்னையில் தங்க உறவினர் வீடும், உள்ளே சேர்த்துவிட மாமாவும் யாரிடம் இருக்கின்றன? நிலமும் பதவியும் யாரிடம் இருந்தனவோ அவர்களிடம். சாதி அங்கேதான் இருக்கிறது.

அரசிடமும் பல்கலைக்கழகங்களிடமும் நாம் கேட்க வேண்டியவை இவை. மதிப்பெண்ணுக்காக இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கும் கல்லூரியே இடத்தையும் ஏற்பாடு செய்ய வேண்டும். உதவித்தொகை தராத நிறுவனத்துக்கு மாணவரை அனுப்பக் கூடாது, அனுப்பினால் ஆதிதிராவிடர் நலத்துறை அந்தச் செலவை ஏற்க வேண்டும். அரசு மாணவர் விடுதிகளுக்கு 2025-இல் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைத்தார்கள். சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதி போன்ற சென்னை விடுதிகளில், வெளிமாவட்டத்திலிருந்து இன்டர்ன்ஷிப்புக்கு வருகிறவர்களுக்குச் சில கட்டில்களை ஒதுக்கட்டும். பெயருக்கு அப்போதுதான் பொருள் வரும். சாதிப் பாகுபாட்டை விசாரிக்கும் குழுவை நிறுவனங்களுக்கும் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும்.

இந்த ஆண்டு இன்டர்ன்ஷிப் போகிற தம்பி தங்கைகளுக்குச் சில சொல்ல வேண்டும். முதல் நாளே தனி லாகின் கேளுங்கள். வாயால் கேட்டால் போதாது, மின்னஞ்சலில் கேளுங்கள். அடுத்தவர் லாகினைத் தொடாதீர்கள். தினமும் ஒரு நோட்டில் தேதி, என்ன வகைச் சிக்கல், எப்படித் தீர்த்தீர்கள் என்று எழுதி வையுங்கள். நிறுவனத்தின் ரகசியமோ ஊழியர்களின் விவரமோ அதில் வேண்டாம். முடிகிற வாரத்தில் அதைச் சுருக்கி, செய்த வேலைகளைப் பட்டியலிட்டுச் சர்ட்டிபிகேட் தரும்படி கேளுங்கள். நம் மாணவர் மூன்றாம் மாதத்தில்தான் இப்படி எழுதத் தொடங்கினார். அடுத்து ஒரு எல்-1 வேலைக்கான நேர்காணலில் அவர் பேசியது அந்த நோட்டிலிருந்துதான். பட்டம் முடித்த பிறகு இன்னொரு சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்குப் போகாதீர்கள். 'நாட்ஸ்' எனப்படும் தேசியப் பழகுநர் பயிற்சித் திட்ட இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். அதற்கான தென்மண்டல வாரிய அலுவலகம் சென்னை தரமணியிலேயே இருக்கிறது.

ஒருவர் தனியாகக் கேட்டால் "தம்பி ரொம்பப் பேசுறான்" என்பார்கள். அதனால் வாசகர் வட்டம் வைத்திருக்கும் தோழர்கள் இந்த செமஸ்டரில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வகுப்பில் யார் யாருக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தது, யார் மூலம் கிடைத்தது, உதவித்தொகை எவ்வளவு, கைக்காசு எவ்வளவு போனது, என்ன வேலை கொடுத்தார்கள் என்று கேட்டுப் பட்டியல் போடுங்கள். பெயர் வேண்டாம், பிரிவு போதும். அந்தப் பட்டியலோடு துறைத் தலைவரைப் போய்ப் பாருங்கள், எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பத்துக் கல்லூரிகளின் பட்டியல் சேர்ந்தால் நலத்துறையின் கதவை நாம் எல்லோரும் சேர்ந்து தட்டலாம்.

ஜெய் பீம்!