மண்ணுக்கு என்ன செக்யூரிட்டி?

இந்த லீவுக்கும் ஊருக்குப் போக முடியவில்லை. சரி என்று ஒசாகாவிலிருந்து ரயில் ஏறி, ஒகயாமா பக்கம் இம்பே என்ற சின்ன ஊருக்குப் போய் வந்தேன். பிஸென் மண்பாண்டம் செய்கிற ஊர். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். திரும்பும்போது மனசில் ஓடியதெல்லாம் பங்காருபாளையம்!

பிஸென் பாண்டத்துக்கு மெருகுப் பூச்சே கிடையாது. ஐந்தாம் நூற்றாண்டில் கொரியாவிலிருந்து வந்த குயவர்கள் கொண்டுவந்த 'சுவே' பாண்டங்களின் வாரிசு இது. விறகுச் சூளையில் 1,200 டிகிரி அளவுக்கு, பல நாள் விடாமல் எரித்து, கல் மாதிரி இறுக்கி எடுக்கிறார்கள். அலங்காரம் நெருப்பு போடுவதுதான். பைன் விறகின் சாம்பல் விழுந்து உருகினால் எள்ளுத் தூவின மாதிரி புள்ளிகள். அதன் பெயரே 'கோமா', அதாவது எள்ளு. ஒன்றோடு ஒன்று ஒட்டாமலிருக்க நடுவில் வைக்கோல் வைத்தார்கள். அது எரிந்த இடமெல்லாம் சிவப்புக் கோடு. வசதிக்குச் செய்தது அழகாகிவிட்டது.

இந்தக் கைவேலைக்காக கானெஷிகே தோயோ என்ற குயவரை 1956-இல் 'வாழும் தேசியப் பொக்கிஷம்' ஆக்கியது ஜப்பான் அரசு.

இப்போது என் கதை. பங்காருபாளையத்தில் நான் லோன் ஆபீசராக இருந்தேன். மொகிலி மலைப்பாதை ஏறினால் பலமனேர், சுடுமண் வேலைக்குப் பேர் போன ஊர். அங்கே தொழில் கற்ற குயவர் ஒருவர் சூளை கட்டக் கடன் கேட்டு வந்தார். என் பி.காம். மூளை கேட்டது: ஸ்டாக்குக்கு என்ன மதிப்பு? உடைந்தால்? அவர் சிரித்தார். "உடைஞ்சா மண்ணு சார், உடையலைன்னா பானை."

விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினேன். விதிப்படி சரிதான். ஆனால் அவர் கையிலிருந்த ஆர்டர் நோட்டை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. செக்யூரிட்டி அதில்தான் இருந்தது.

நம் சுடுமண் வேறு ஜாதி, ஒப்புக்கொள்கிறேன். குறைந்த சூட்டில் வெந்தது, நீர் கசியும். கசிவதால்தானே பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது? அது குறையா என்ன?

இம்பேயில் ஒரு சின்னக் கோப்பைக்கு, சொன்ன விலையை வாய் பேசாமல் கொடுத்தேன். இதே நான் பலமனேர் ரோட்டோரத்தில் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசியவன். நீங்களும் பேசியிருப்பீர்கள். அடுத்த லீவில் பெயிண்ட் அடிக்காத ஒரு பானை வாங்குங்கள், கேட்ட விலைக்கு. பேங்க் நண்பர்களே, நீங்கள் அந்த ஆர்டர் நோட்டைப் பிரித்துப் பாருங்கள்.