பிளஸ் 1-க்குப் பள்ளி மாறும் முன்...

பத்தாம் வகுப்பு முடிந்ததும், வட்டிக்கு வாங்கியாவது பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்ற துடிப்பு நாட்றம்பள்ளிப் பகுதி தலித் குடும்பங்களிலும் இருக்கிறது. தோல் தொழிற்சாலையிலும் ஷூ கம்பெனியிலும் உழைக்கும் பெற்றோரின் அந்த ஆசையை நாம் குறை சொல்ல மாட்டோம். படிப்பு மறுக்கப்பட்ட தலைமுறைகளின் ஆசை அது. ஆனால், மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவத்திலும், 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட படிப்புகளிலும் 7.5 விழுக்காடு இடம் உண்டு. அப்படிச் சேர்வோரின் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவிபெறும் பள்ளிகள் அடங்காது. தனியார் பள்ளிக்குப் போனால், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் கிடைக்காது. இரண்டு ஆண்டுக்காக, அரசுப் பள்ளியில் படித்த ஐந்து ஆண்டும் வீணாகும்.

விரும்பும் பாடப்பிரிவு இல்லையா? அது உள்ள பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாறுங்கள், உரிமை போகாது. ஆசிரியர் இல்லையா? பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுந்து கேட்போம். நம் பிள்ளைகள் வெளியேறிவிட்டால், அங்கே கேட்பதற்கும் ஆள் இருக்காது.