குட்டி நாய், கெட்டி உத்தியோகம்

எச்.எம்.வி. இசைத்தட்டில் கிராமபோன் குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த நாயின் பெயர் நிப்பர். 1884-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்தது. ஜாதி? டெரியர் கலப்பு. வருகிறவர்களின் காலைக் கவ்வும் பழக்கத்தால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். படத்தில்தான் சாது.

'டெரியர்' என்ற வார்த்தையின் வேர் லத்தீனில் 'டெர்ரா', அதாவது பூமி. பூமிக்கு அடியில் வேலை பார்க்கிற நாய். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஜாக் ரஸ்ஸல். காரணம், அதன் உத்தியோகம்.

இங்கிலாந்தில் நரிவேட்டை என்றால், பெரிய வேட்டை நாய்கள் கும்பலாகத் துரத்தும். நரி சட்டென்று வளைக்குள் புகுந்துகொள்ளும். பெரிய நாய்கள் வாசலில் நின்று 'ம்... அப்புறம்?' என்று முழிக்கும். அப்போதுதான் நம்மாளைக் கூப்பிடுவார்கள். (ஆபீஸில் பெரிய அதிகாரிகளெல்லாம் கைவிட்ட ஃபைல் கடைசியில் யார் மேஜைக்கு வரும்? அதே கதை.)

25, 30 சென்டிமீட்டர் உயரம். மார்பை இரண்டு கைகளால் சுற்றிப் பிடித்துவிடலாம்; பிடிபடாவிட்டால் வளைக்குள் நுழையாது. கும்மிருட்டில் நரிக்கு எதிரே நின்று குரைத்துக்கொண்டே இருக்கவேண்டும். நரி வேறு வழியாக வெளியே ஓடும், அல்லது சத்தம் வரும் இடத்தை மேலே இருப்பவர்கள் தோண்டுவார்கள். நரியைக் கொன்றால் ஆட்டம் போச்சு. பயந்து திரும்பினால் வேலை போச்சு. ரெண்டுக்கும் நடுவே நிற்கவேண்டும். தைரியத்திலேயே கஷ்டமான தைரியம் இதுதான் என்பேன்.

இந்த ஜாதியை உருவாக்கியவர் ஒரு பாதிரியார். டெவன் பகுதியைச் சேர்ந்த ஜான் ரஸ்ஸல் (1795-1883). பிஷப்பே கண்டித்தும் வேட்டையை விடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோது ஒரு பால்காரரிடம் வெள்ளைப் பெண் நாய் ஒன்றைப் பார்த்து, அங்கேயே விலை பேசிவிட்டார். பெயர் ட்ரம்ப். (அவரில்லை!) வெள்ளை நிறத்தில் லாபம் உண்டு: மண்ணோடு மண்ணாக வெளியே வரும்போது மற்ற நாய்கள் நரி என்று நினைத்துப் பாய்ந்துவிடாது.

பிற்காலத்தில் நாய்க் கண்காட்சிகள் வந்தன. ஃபாக்ஸ் டெரியர் பரிசுகளைக் குவித்தது. மார்பு ஆழமானது, வளைக்குள் போவது கஷ்டமானது. அந்தக் கதி நமக்கு வேண்டாம் என்றுதான் 1974-ல் பிரிட்டனில் ஆரம்பித்த ஜாக் ரஸ்ஸல் சங்கம் கென்னல் கிளப் அங்கீகாரத்தை எதிர்த்தது. ஆனாலும் 2016-ல் அங்கீகாரம் வந்துவிட்டது.

அதற்குள் உத்தியோகமே போய்விட்டது. 2004-ல் இயற்றிய சட்டம் 2005-ல் அமலுக்கு வந்து, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை வைத்து நரி வேட்டையாடுவதை, சில விதிவிலக்குகள் தவிர, தடை செய்தது. நரியைக் கேட்டால் நல்ல சேதி என்றுதான் சொல்லும். எனக்கும் அதில் வருத்தமில்லை.

ஆனால், சட்டம் மாறியது நாயின் ரத்தத்துக்குத் தெரியாதே! 'தி மாஸ்க்' படத்தில் பார்த்தோம், அழகாக இருக்கிறது என்று அபார்ட்மென்டுக்குக் கூட்டிவருகிறார்கள். நாள் முழுக்கப் பூட்டிவைத்துவிட்டு, குரைக்கிறது, கடிக்கிறது, தோண்டுகிறது என்று யார் தலையிலாவது கட்டப் பார்க்கிறார்கள். தினம் நன்றாக ஓடவிட முடியாதவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கியாச்சா? சோபாவைத் தோண்டினால் அடிக்காதீர்கள். அது டியூட்டியில் இருக்கிறது.