ஐம்பதாவது பிறந்தநாள் தபால்
ஸ்காட்லாந்தில் ஐம்பது வயது நிறைந்தவருக்கு வாழ்த்து அட்டைகளோடு அரசின் உறை ஒன்றும் தபாலில் வருகிறது. உள்ளே சின்னக் குப்பி, மூடியோடு ஒட்டிய குச்சி. மலத்தில் குச்சியைத் தொட்டுக் குப்பியில் செருகி, தேதி எழுதித் திருப்பி அனுப்பவேண்டும், தபால்தலைகூட வேண்டாம். 74 வயதுவரை இரண்டாண்டுக்கு ஒருமுறை இந்தச் சடங்கு. கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவும் இதில் அகப்படலாம், அகப்பட்டால் குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி. பெருங்குடல் புற்று பெரும்பாலும் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்கி, புற்றாக மாறப் பல வருடம் எடுத்துக்கொள்ளும் சோம்பேறி. அதற்குள் கிள்ளி எறிந்துவிடலாம். வலியில்லை, செலவில்லை, ஆனாலும் பலர் உறையை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். கூச்சம்தான், வேறென்ன? இந்தக் கூச்சத்தோடு மல்லுக்கு நின்றவர், பெருங்குடல் புற்றுக்கு ஆளான இங்கிலாந்தின் டெபோரா ஜேம்ஸ். மல எமோஜி உடையணிந்துகூட நின்றார். கடைசி நாட்களில் இளவரசர் வில்லியம் வீடு தேடி வந்து டேம் பட்டம் தந்தார். 2022இல் இறந்தபோது வயது 40. நோய் தெரிந்தது 35இல். தபால் உறை வர இன்னும் எத்தனை வருடம் பாக்கி இருந்தது, பாருங்கள். நானோ, இந்தப் பத்தியில் ‘மலம்’ என்று எழுதவே இரண்டு முறை பேனாவை மூடித் திறந்தேன்.