கம்பெனி மூடியது... கிளப் மூடவில்லை!

எம்.ஜி. என்று இரண்டு எழுத்தைக் கேட்டதும், மூன்றாவதாக ஓர் 'ஆர்' சேர்த்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். ஆனால், 2019-லிருந்து நம் சாலைகளில் இன்னொரு எம்.ஜி.யும் கண்ணில் படுகிறது. எட்டுக் கோணக் கட்டத்துக்குள் இரண்டே எழுத்து. ஹெக்டர் வண்டியின் மூக்கில் பார்த்திருப்பீர்கள்.

"அது சைனா கம்பெனி வண்டிதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. இப்போதைய முதலாளி சீனாவில் இருப்பது உண்மைதான். இந்தியாவில் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமமும் கூட்டுச் சேர்ந்திருக்கிறது. ஆனால் அந்தப் பெயரின் பிறந்த வீடு, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு. பிறந்த வீட்டுக்கும் இன்றைய வீட்டுக்கும் நடுவில் அது பல கை மாறியிருக்கிறது. ஒரு முறை தொழிற்சாலையையே இழுத்து மூடிவிட்டார்கள்.

அப்படியும் அந்தப் பெயர் அழியவில்லை. அதற்கு முதலாளிகளைவிட, காசு கொடுத்துக் கார் வாங்கியவர்களுக்குத்தான் அதிகம் நன்றி சொல்ல வேண்டும். இந்த வாரம் அவர்கள் கதை.

அம்பாசிடரின் சொந்தக்காரர்

ஆக்ஸ்ஃபோர்டில் சைக்கிள் ரிப்பேர் செய்து வாழ்க்கையைத் தொடங்கியவர் வில்லியம் மோரிஸ். பிறகு கார் தயாரிப்பாளர் ஆனார். அவருடைய கம்பெனியின் 'மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு' கார்தான், பிற்காலத்தில் நம் ஊரில் அம்பாசிடராக ஓடியது. ஆக, எம்.ஜி. நமக்கு அந்நியமில்லை. அம்பாசிடர் வழியில் சொந்தம்!

மோரிஸுக்கு ஆக்ஸ்ஃபோர்டு நகருக்குள் ஒரு விற்பனை நிலையம் இருந்தது. பெயர் 'மோரிஸ் கராஜஸ்'. அதன் முதல் எழுத்துகள்தான் எம்.ஜி. 1921-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த செசில் கிம்பர், அடுத்த வருடமே ஜெனரல் மேனேஜர் ஆகிவிட்டார். சாதாரண மோரிஸ் கார்களை எடுத்து, அவற்றுக்கு மிடுக்கான பாடி கட்டி விற்க ஆரம்பித்தார். வாங்க ஆள் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது தனி கார் ஆனது. 1929-ல் பக்கத்து ஊரான ஆபிங்டனில் தனித் தொழிற்சாலையும் வந்தது.

எல்லோரையும் மயக்கியது 'எம்-டைப் மிட்ஜெட்' என்ற குட்டிக் கார். 1928-ல் லண்டன் கார் கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டு பேர் உட்காரலாம். எஞ்சின் 847 சி.சி., நம் மாருதி 800-ஐவிடக் கொஞ்சம்தான் பெரியது. பின்பக்கம் படகு மாதிரி கூம்பிப் போகும். விலை 175 பவுண்டு.

அதுவரை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பிரபுக்கள் வீட்டுச் சமாசாரம். இந்தக் குட்டிக் காரை மாதச் சம்பளக்காரரும் எட்டிப் பிடிக்கலாம் என்றானது. கிளப் கதை தொடங்குவதும் அந்த மாதச் சம்பளக்காரர்களிடம்தான்.

ஒரு வாசகர் கடிதம்

1930-ல் 'லைட் கார்' என்ற இங்கிலாந்துப் பத்திரிகைக்கு ஒரு வாசகர் கடிதம் போனது. எழுதியவர் ராய் மார்ஷ். எம்.ஜி. கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கிளப் தொடங்கினால் என்ன என்பதுதான் விஷயம்.

பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதிப் பழகிய நமக்குத் தெரியும். 'யாராவது செய்தால் நன்றாக இருக்கும்' என்ற யோசனைகள் பெரும்பாலும் அச்சோடு நின்றுவிடும். இது நிற்கவில்லை. 1930 அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை. லண்டனிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையில், ஸ்டீவனேஜ் ஊருக்குப் பக்கத்தில் 'ரோபக் இன்' என்ற பழைய விடுதி. அங்கே எம்.ஜி.க்கள் வந்து நின்றன. 'எம்.ஜி. கார் கிளப்' பிறந்தது.

அவர்கள் கூடியதற்குக் காரணம் பெருமை மட்டுமல்ல. அந்தக் காலத்துக் காரை ஓட்டத் தெரிந்தால் போதாது. நடுரோட்டில் நின்றால் பானெட்டைத் திறந்து பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு கார்புரேட்டர் தகராறு என்றால், அதே தகராறைப் போன மாதம் சரிசெய்த இன்னொருவர்தான் சரியான டாக்டர். அப்படிப்பட்ட டாக்டர்கள் ஓரிடத்தில் சேர ஒரு வாய்ப்பு. கூடவே மேடு பள்ளப் பாதைகளில் ஓட்டிப் பார்க்கும் போட்டிகள், பிக்னிக், அரட்டை.

கணக்குப் பையன் மேனேஜர் ஆன கதை

கிளப்புக்குச் செயலாளர் ஆனவர் ஜான் தார்ன்லி. வயது இருபத்தொன்றுதான். லண்டனில் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் தொழில் பழகிக்கொண்டிருந்தார். எம்-டைப் வைத்திருந்தார். உறுப்பினர் பட்டியல், சந்தா, கடிதங்கள், நிகழ்ச்சி ஏற்பாடு எல்லாம் அவர் தலையில்.

வரவு செலவு எழுதும் வேலையைவிட கிளப் வேலை அவரை இழுத்தது. 1931-ல் லண்டன் வேலையை விட்டுவிட்டு ஆபிங்டன் தொழிற்சாலையிலேயே போய்ச் சேர்ந்தார். சர்வீஸ் பிரிவில் வேலை. கிளப் பொறுப்பும் தொடர்ந்தது. பின்னாளில் அந்தத் தொழிற்சாலைக்கே ஜெனரல் மேனேஜர் ஆனார். ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற 'எம்.ஜி.பி.' கார் 1962-ல் வெளிவந்தது அவர் காலத்தில்தான். வாடிக்கையாளராக வந்தவர் கம்பெனியையே நடத்தினார்!

கிளப் கதையில் ஒரு சுவாரசியம் உண்டு. ஆபிங்டன் தொழிற்சாலையின் டெலிபோன் எண் 251. அதனால் ஒவ்வொரு மாடலின் சேஸிஸ் எண்ணையும் 1-ல் தொடங்காமல் 251-ல் தொடங்கும் பழக்கம் அங்கே இருந்தது. வீட்டு விசேஷத்துக்கு நாம் நூற்றியொன்று மொய் எழுதுவது மாதிரி, அது அவர்கள் வீட்டு ராசி. கார் கம்பெனிக்கும் கார்காரர்களுக்கும் இடையே இருந்த நெருக்கத்துக்கு இது ஓர் அடையாளம். இன்றும் எம்.ஜி. பிரியர்களுக்கு 251 என்றால் புரியும்.

நிறுவனர் கிம்பரின் முடிவு மட்டும் சோகம். 1935-ல் எம்.ஜி.யை மோரிஸ் தன் பெரிய கம்பெனியோடு இணைத்தார். அதோடு கிம்பரின் கை தளர்ந்தது. உலகப் போர்க் காலத்தில், மேலிடத்தைக் கேட்காமல் ஒரு போர்த்தளவாட வேலையை ஏற்றுக்கொண்டார் என்று தகராறு. 1941-ல் வெளியே அனுப்பப்பட்டார். 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸில் நடந்த ரயில் விபத்தில் இறந்துபோனார். தான் உருவாக்கிய பெயர் அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கொடிகட்டிப் பறந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஆம், போருக்குப் பிறகு எம்.ஜி. அமெரிக்காவுக்குப் போனது. கப்பல் கப்பலான பெரிய கார்களையே பார்த்துப் பழகிய அமெரிக்கர்களுக்கு, குட்டி எம்.ஜி. புது ருசி. கார் போன ஊருக்கெல்லாம் கிளப்பும் பின்னாலேயே போனது. பல நாடுகளில் கிளைகள் முளைத்தன.

தாய் வீடு கைவிட்டபோது

1968-ல் இங்கிலாந்தின் பல கார் கம்பெனிகள் ஒன்றாகி 'பிரிட்டிஷ் லேலாண்டு' என்ற ராட்சதக் கம்பெனி ஆனது. எண்ணூரில் லாரி செய்யும் நம் அசோக் லேலாண்டின் பெயரில் இருக்கும் அதே லேலாண்டு வம்சம்தான். பெரிய குடும்பத்தில் கடைக்குட்டிக்கு என்ன கவனிப்பு கிடைக்கும்? எம்.ஜி.க்கும் அதுதான் கிடைத்தது. 1969-ல், கிளப்புக்குக் கொடுத்துவந்த ஆதரவையும் நிறுத்திக்கொண்டார்கள். தார்ன்லி ஓய்வு பெற்றதும் அதே வருடம்தான்.

அதுவரை கம்பெனியின் நிழலில் வளர்ந்த கிளப், அன்றிலிருந்து சொந்தக் காலில் நின்றாக வேண்டும். சந்தாதான் வருமானம். உறுப்பினர்களின் ஓய்வு நேரம்தான் உழைப்பு. அன்று அது இடியாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் தனியாக நிற்கப் பழகியதுதான் பிறகு காப்பாற்றியது.

ஏனென்றால், பெரிய இடி பத்து வருடம் கழித்து விழுந்தது. 1979 செப்டம்பர். எம்.ஜி. தங்கள் ஊருக்கு வந்து ஐம்பது வருடம் ஆனதை ஆபிங்டன் மக்கள் விழாவாகக் கொண்டாடி முடித்திருந்தார்கள். தோரணம் இறக்கிய கையோடு, செப்டம்பர் 10, திங்கட்கிழமை அறிவிப்பு வந்தது. தொழிற்சாலையை மூடப்போகிறார்கள். பவுண்டின் மதிப்பு ஏறியதால், அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு காரிலும் நஷ்டம் என்றது நிர்வாகம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் பிழைப்பு ஒரே நாளில் கேள்விக்குறி ஆனது. எம்.ஜி. உலகத்தில் அந்த நாளுக்கு 'கறுப்புத் திங்கள்' என்று பெயர்.

கார்காரர்கள் சும்மா இருக்கவில்லை. எம்.ஜி.க்களை வரிசையாக லண்டன் சாலைகளில் ஓட்டிக்கொண்டு போய் மனு கொடுத்தார்கள். ஆஸ்டன் மார்ட்டின் கம்பெனியின் தலைமையில் ஒரு குழு எம்.ஜி.யை வாங்கவும் முயன்றது. எதுவும் கைகூடவில்லை. 1980 அக்டோபரில் ஆபிங்டனின் கடைசி கார் வெளியே வந்தது. கதவு மூடியது.

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்களின் பாசத்தால் ஒரு தொழிற்சாலையைக் காப்பாற்ற முடியவில்லை. ஊர்வலம் போன கார்கள் பத்திரமாக வீடு திரும்பின. தொழிலாளிக்குத்தான் வேலை போயிற்று.

பிறகு நடந்ததுதான் ஆச்சரியம்

தொழிற்சாலை இல்லாத கார் என்ன ஆகும்? முதலில் சின்னச் சின்ன சாமான்கள் கிடைக்காது. பிறகு மெக்கானிக் கைவிரிப்பார். கடைசியில் காயலான் கடை. எம்.ஜி. அந்த வழியில் போகவில்லை. லட்சக்கணக்கான எம்.ஜி.பி.க்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் கிளப்புகளில் ஒன்றாக இருந்தார்கள். யாருக்கு எது தேவை, எது எங்கே கிடைக்கும், எந்த உபாயம் பலிக்கும் என்ற தகவல் கை மாறிக்கொண்டே இருந்தது. ஆள் இருந்தால் சந்தை இருக்கும். சந்தை இருந்தால் சாமான் செய்ய யாராவது வருவார்கள்.

வந்தார்கள். 1988-ல் 'பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ்' என்ற நிறுவனம், தொழிற்சாலை பயன்படுத்திய பழைய அச்சுகளையே தேடியெடுத்து, எம்.ஜி.பி.யின் பாடியைப் புத்தம் புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தது. துருப்பிடித்த பழைய காருக்குப் புது உடம்பு!

வேடிக்கை இதோடு முடியவில்லை. தொழிற்சாலையை மூடிய கம்பெனியின் வாரிசான ரோவர், 1992-ல் அந்தப் புது பாடியை அடிப்படையாக வைத்தே 'ஆர்.வி.8' என்ற எம்.ஜி. காரை வெளியிட்டது. 1995-ல் முற்றிலும் புதிய எம்.ஜி.எஃப். வந்தது. செத்துப்போனதாக நினைத்த பெயருக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது என்று கம்பெனிக்குப் புரியவைத்தவர்கள், பழைய காரைத் துடைத்துத் துடைத்து ஓட்டிக்கொண்டிருந்த அந்த ஆட்கள்தான்.

2005-ல் எம்.ஜி. ரோவரும் திவாலானது. சீனாவின் நான்ஜிங் கம்பெனி வாங்கியது. பிறகு அது ஷாங்காயின் எஸ்.ஏ.ஐ.சி. கைக்குப் போனது. அந்த வழியாகத்தான் எட்டுக் கோணச் சின்னம் நம் தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கிளப்? அது இன்னும் ஆபிங்டனிலேயே இருக்கிறது. பழைய தொழிற்சாலை இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தலைமை அலுவலகம். கட்டடத்தின் பெயர் 'கிம்பர் ஹவுஸ்'. வேலையை விட்டு அனுப்பப்பட்ட அந்த மனிதரின் பெயரைக் காப்பாற்றி வைத்திருப்பது, அவர் கார்களை வாங்கியவர்களின் சங்கம்.

நம் வீட்டு அம்பாசிடர்

இதைப் படிக்கும்போது நம் அம்பாசிடரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதன் தயாரிப்பு 2014-ல் நின்றது. 2017-ல் அந்தப் பெயரை பிரான்ஸின் பியூஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயருக்கு விலை உண்டு. ஆனால், எந்த சாமானை எந்தக் கடையில் கேட்க வேண்டும், எந்தச் சத்தம் வந்தால் எதைத் திருக வேண்டும் என்ற அறிவை எந்தக் கம்பெனியும் விலைக்கு வாங்கிவிட முடியாது. அது தாத்தாக்களின் தலையிலும், வயதான மெக்கானிக்குகளின் கையிலும் இருக்கிறது. அவர்களோடு போய்விடவும் கூடும்.

உங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலும் ஒரு பத்மினியோ, லாம்ப்ரெட்டாவோ, யெஸ்டியோ தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கலாம். அதே வண்டி வைத்திருக்கும் இன்னும் நாலு பேரைத் தேடிப் பிடியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் கூடுங்கள். வண்டியைப் பற்றித் தெரிந்த பெரியவர் ஒருவரையும் கையோடு அழைத்துப் போங்கள். அவர் சொல்வதை யாராவது ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். ஸ்டீவனேஜ் பக்கத்து விடுதியில் அன்று நடந்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான்.