கப்பல் காத்திருக்காது, அப்பாவோட சுகரும் காத்திருக்காது

1/
"டாக்டர், அலாஸ்கா குரூஸ் போறோம். ஸ்காக்வேயில இறங்கி கார் எடுத்து யூகான் வரைக்கும் ஓட்டிட்டு சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பிடுவோம். ஊர்ல இருந்து அப்பா அம்மாவும் வந்திருக்காங்க. என்ன மாத்திரை எடுத்து வெச்சுக்கணும்?"

கோடை வந்தால் அமெரிக்காவில் இருக்கும் நம்மாட்களிடம் இருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். மாத்திரை லிஸ்ட் கடைசியில் தருகிறேன். அதுக்கு முன்னாடி உங்க பிளானைத் திட்டணும். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
முதலில் ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் கார் எடுக்க வேண்டாம் என்று சொல்லும் ஆள் இல்லை. அந்த ரோடு அவ்வளவு அழகு. கடல் மட்டத்தில் கிளம்பி 23 கிமீக்குள் சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒயிட் பாஸ் உச்சிக்கு ஏறும். அந்தப் பக்கம் பிரிட்டிஷ் கொலம்பியா, ஏரிக்குப் பின் ஏரி. அப்புறம் யூகான், கார்க்ராஸ் கிராமம், அதைத் தாண்டினால் பச்சையும் நீலமுமாக எமரால்ட் ஏரி. நினைச்ச இடத்தில் நிறுத்திப் பார்க்கிற சுகம் பஸ்ஸில் வராது. ஒத்துக்கிறேன்.

3/
நான் எதிர்ப்பது உங்க எக்செல் ஷீட்டை. 9:40 அருவி, 10:05 உச்சி, 10:50 ஏரி, 11:30 பாலைவனம், 12:00 எமரால்ட் ஏரி. அந்த ஷீட்டில் எல்லாம் இருக்கு. பாத்ரூம் இல்லை. அப்பாவின் சாப்பாட்டு நேரம் இல்லை. வண்டி ஓட்டப் போறவர் முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று ஒரு கட்டம் கூட இல்லை.

4/
இப்படி ஒரு ஷீட்டைப் போட்டதே நான்தான். அதனால்தான் இவ்வளவு கோபம்.

தம்பி குடும்பம், என் குடும்பம், அப்பா, அம்மா. ஒரு வாடகை வேன். எங்க கப்பல் கனடா துறைமுகத்தையும் தொடும் என்பதால் எல்லார்கிட்டயும் கனடா விசா இருந்தது. பேப்பர் எல்லாம் பக்கா. கெட்டுப்போனது மருத்துவம்தான். வண்டியில் ஒரு டாக்டர் இருந்தும்!

5/
முந்தின இரவு கப்பல் ஆடியது. தம்பிக்குக் குமட்டல். அம்மா பையில் இருந்து வாந்தி மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். ப்ரோமெத்தசின். ஊரில் மலைப்பாதை பஸ்ஸுக்கு முன்னாடி நாம எல்லாரும் போடுகிற அதே மாத்திரை. இரவு ஒன்று, விடியற்காலையில் இன்னொன்று. காலை 9:30க்கு அவனையே ஸ்டியரிங்கில் உட்கார வைத்தேன்.

மலை ஏறும்போது பேசிக்கிட்டே வந்தான். உச்சி தாண்டி ரோடு நேரானதும் பேச்சு நின்றது. வேன் மெதுவாக மஞ்சள் கோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் போனது. தம்பி மனைவி கத்திய கத்தலில்தான் விழித்தான். எதிரே வண்டி வரவில்லை. அவ்வளவுதான் எங்க அதிர்ஷ்டம்.

6/
இதைத் தெரிஞ்சுக்கோங்க. ப்ரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் எல்லாமே தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள். ஆளைப் பொறுத்து கூடக் குறைய இருக்கும். ப்ரோமெத்தசினின் மந்தம் 12 மணி நேரம் வரை கூட நீடிக்கலாம். "எனக்குத் தூக்கம் வரலையே, ஃபிரெஷ்ஷா இருக்கேன்" என்பது சாட்சி ஆகாது. தூக்கம் வராமலேயே மூளையின் வேகம் குறைந்திருக்கும். அட்டையிலேயே வண்டி ஓட்டாதீர்கள் என்று போட்டிருப்பான். கப்பலில் இருக்கோம், நாம எங்க வண்டி ஓட்டப் போறோம் என்று யாரும் படிப்பதில்லை.

7/
காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபலமைன் பட்டையும் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். ஒரு பட்டை 3 நாள் வேலை செய்யும். தூக்கம் வரும், பார்வை மங்கும். வயதானவர்களுக்குக் குழப்பம் வரலாம், ப்ராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைக்கலாம், சில வகை கண் அழுத்த நோய்க்கு அது ஆகவே ஆகாது. உங்க டாக்டரைக் கேட்காமல் அப்பாவுக்கு ஒட்டிவிடாதீங்க.

8/
அடுத்து தூக்கம். ஜூனில் அங்கே இரவு 10 மணிக்கும் வெளிச்சம். ஷோ, டின்னர், டெக்கில் போட்டோ, படுக்கும்போது 1 மணி. 6 மணிக்கு அலாரம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு நம் செயல்திறன் இறங்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதில் நிஜமாகவே நாலு டிரிங்க்ஸ் சேர்ந்தால்? உடம்பு ஒரு டிரிங்க்கை வெளியேற்றவே சுமார் ஒரு மணி நேரம் எடுக்கும். காபி அதை ஒரு நிமிஷம் கூட வேகப்படுத்தாது.

9/
எங்க கதை இன்னும் முடியவில்லை. கனடா செக்போஸ்ட் வரிசையில் அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. வயது 74. காலை 7 மணிக்கு கிளிமெபிரைடு போட்டாச்சு. பஃபேயில் கூட்டம், "போற வழியில சாப்பிட்டுக்கலாம்பா" என்று அரை இட்லி அளவுக்கு ஒரு ரொட்டித் துண்டோடு கிளப்பிவிட்டேன். போற வழியில் கடையே இல்லை. குளுக்கோமீட்டரில் 58.

ஆயிரம் பேருக்கு "மாத்திரை போட்டா சாப்பிட்டே ஆகணும்" என்று சொன்ன வாய் இது. அன்னிக்கு அதுக்கு எமரால்ட் ஏரி மட்டும்தான் தெரிஞ்சது.

10/
அம்மா? முந்தின இரவில் இருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. "வழியில பாத்ரூம் எங்க இருக்கும்னு தெரியாதேப்பா." நம்ம வீட்டு அம்மாக்கள் யாரும் இதை வாய் திறந்து சொல்லமாட்டார்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவங்க தண்ணீரை நிறுத்தினால் தலைசுற்றல், மயக்கம், சிறுநீரகத்துக்குக் கேடு. நாம ஸ்டாப் ஸ்டாப்பாக வியூ பார்த்துக்கொண்டிருக்கும்போது பின் சீட்டில் நடப்பது இதுதான்.

11/
"டாக்டர், சும்மா பயமுறுத்தாதீங்க. நாங்க போன வருஷம் எல்லா இடமும் பார்த்துட்டு நல்லாத்தான் வந்தோம்."

நாங்களும் நல்லாத்தான் வந்தோம். போட்டோவில் எல்லாரும் சிரிச்சிட்டுதான் இருக்கோம். எதிரே ஒரு லாரி வந்திருந்தால் அந்த போட்டோவே இருந்திருக்காது. நல்லபடியா திரும்பியவர்கள்தான் ரீல்ஸ் போடுகிறார்கள். அதைப் பார்த்து பிளான் போடாதீங்க.

12/
"பஸ் டூருக்கு ஏழு பேருக்குக் கணக்குப் போட்டா கார்தான் மிச்சம்."

மிச்சம்தான். ஆனால் கப்பல் கம்பெனி விற்கும் டூர் தாமதமானால் பொதுவாக கப்பல் காத்திருக்கும். உங்க வாடகை காருக்குக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்க செலவில் நீங்கதான் போய்ச் சேரணும். அது ஜூனோ என்றால் ரோடே கிடையாது, படகு அல்லது விமானம்தான். அதைவிட முக்கியம், அப்பாவின் இன்சுலின் கேபின் ஃபிரிட்ஜில் இருந்தபடியே கிளம்பிவிடும்.

13/
சரி, கணக்கைப் போடுவோம். கப்பல் காலை 8க்கு வந்து மாலை 5க்குக் கிளம்புது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஏறி முடிக்க வேண்டியது 4:30. இறங்கி, கார் கவுண்டரில் கையெழுத்துப் போட்டுக் கிளம்ப 9:30. நான் சொல்வது, 3 மணிக்கு ஊருக்குள் இருக்கணும். கையில் இருப்பது ஐந்தரை மணி நேரம்.

எமரால்ட் ஏரி ஒரு வழி சுமார் 118 கிமீ. போக வர ஓட்டமே மூன்றரை மணி நேரம். போகும்போது கனடா செக்போஸ்ட், வரும்போது அமெரிக்க செக்போஸ்ட், இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம். மிச்சம் ஒரே ஒரு மணி நேரம். அதில் சாப்பாடு, பாத்ரூம், உங்க ஒன்பது ஸ்டாப்.

14/
அதனால் தூரத்தை வெட்டுங்க. கார்க்ராஸோடு திரும்புங்க. இல்லை, அதுக்கும் முன்னாடி ஏரிக்கரையிலேயே பாயை விரிச்சு சாப்பிட்டுத் திரும்புங்க. எங்கே இருந்தாலும் 12:15க்கு வண்டியைத் திருப்பணும் என்று கிளம்பும் முன்பே எல்லார் முன்னாலும் சொல்லிடுங்க. "இன்னும் பத்து நிமிஷம்தான்" என்பதற்கு அப்புறம் இடம் இருக்காது.

15/
ரோடு விஷயங்கள். கனடாவுக்குள் நுழைந்ததும் வேகப் பலகை மைலில் இருக்காது, கிமீயில் இருக்கும். 90 என்று பார்த்து 90 மைலில் மிதிக்காதீங்க. கோடையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், அதனால் ஒரு கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைத்திருங்க. பெரும்பாலான வழியில் செல்போன் சிக்னல் கிடைக்காது, மேப்பை முன்பே இறக்கி வைங்க. உச்சியில் ஜூலையிலும் பனிமூட்டம் வரும். இறங்கும்போது பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராமல் கியரைக் குறைங்க.

16/
பேப்பர்கள். நாலு மணி நேரம்தான் என்றாலும் கனடா கனடாதான். இந்திய பாஸ்போர்ட், கிரீன் கார்டும் இல்லை என்றால் கனடா விசா வேண்டும், அமெரிக்காவுக்குத் திரும்பி நுழையும் தகுதியும் வேண்டும். காரை எல்லை தாண்டி எடுத்துப் போக வாடகைக் கம்பெனியின் அனுமதியை எழுத்தில் வாங்குங்க. பெற்றோரின் விசிட்டர் இன்சூரன்ஸ் கனடாவில் செல்லுமா என்று பாருங்க. ஸ்காக்வேயில் மருத்துவமனை கிடையாது, கிளினிக்தான்.

17/
விசா இல்லையா, முதுகுவலியா, ஓட்ட ஒரே ஆள்தானா? கவலையே வேண்டாம். 1900ல் முடிக்கப்பட்ட குறுகிய பாதை ரயில் ஸ்காக்வேயில் இருந்தே ஒயிட் பாஸ் உச்சிக்குப் போய்த் திரும்பும். சுமார் மூன்று மணி நேரம். உச்சி வரை மட்டும் போய்வரும் அந்தப் பயணத்துக்கு பாஸ்போர்ட் கேட்பதில்லை. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பார், நீங்களும் ரோட்டைப் பார்க்காமல் மலையைப் பார்க்கலாம்.

18/
கேட்ட லிஸ்ட் இதோ.
▪️ எல்லார் மருந்தும் 3 நாளுக்கு, கைப்பையில். கேபினிலும் வேண்டாம், பூட்டிய காரிலும் வேண்டாம். இன்சுலின் சூட்டில் கெடும்.
▪️ குளுக்கோமீட்டர், குளுக்கோஸ், பிஸ்கட். சுகர் 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழித்து மறுபடி டெஸ்ட்.
▪️ சுகர் மாத்திரை, இன்சுலின் போட்டால் காலைச் சாப்பாட்டை முழுசா முடிச்ச பிறகே இறங்கணும்.
▪️ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பாத்ரூம் ஸ்டாப். அம்மா கேட்கமாட்டார், நீங்களே நிறுத்துங்க.
▪️ ஓட்டுபவருக்கு 7 மணி நேரத் தூக்கம், முந்தின இரவு மது இல்லை, வாந்தி மாத்திரை இல்லை. மாத்திரை தேவைப்பட்டுவிட்டால் அன்று அவர் பயணி மட்டும். இரண்டாவது டிரைவர் பெயரையும் வாடகைப் பத்திரத்தில் சேர்த்திடுங்க.

19/
1897-98ல் தங்கம் தேடி இதே ஒயிட் பாஸ் வழியாக ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். ஆளுக்கு ஒரு வருஷ சாமான், சுமார் ஒரு டன். எல்லாருக்கும் அவசரம். சுமையை எல்லாம் குதிரைகள் மேல் ஏற்றினார்கள். சுமார் 3000 குதிரைகள் அந்தப் பாதையில் செத்தன. செத்த குதிரைப் பள்ளத்தாக்கு என்றே அந்த இடத்துக்குப் பெயர். ரயிலில் போனால் காட்டுவார்கள். அதைப் பார்க்கும்போது நான் போட்ட எக்செல் ஷீட்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

20/
அன்னிக்கு நாங்க எமரால்ட் ஏரியைப் பார்க்கவே இல்லை. அப்பாவுக்கு சுகர் ஏறினதும் ஒரு ஏரிக்கரையில் வேனை நிறுத்தி, ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். தம்பி பின் சீட்டில் தூங்கினான். அம்மா தண்ணீர் குடித்தார். திரும்பும்போது தம்பி மனைவி ஓட்டினாள்.

அந்தப் பயணத்தைப் பற்றி அப்பா இன்னைக்கும் பேசுவது அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான். காரில் ரொம்ப பலவீனமான உடம்பு யாருடையதோ, அதுக்கு ஏத்த மாதிரி பிளானைப் போடுங்க. வியூபாயிண்ட் எத்தனை என்பதை அப்புறம் பார்த்துக்கலாம்.

குரூஸ் டிக்கெட் போட்டிருக்கும் நண்பர்களுக்கு இதை அனுப்புங்க. நல்லபடியா போயிட்டு வாங்க.